பழைய குரலில் ஒரு நிமிடம்

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கண்டெய்னர் அந்தரத்தில் நின்றுவிட்டது.

"இறக்கு" என்றாள் ஜெனோவா. கிரேன் அசையவில்லை. "மெதுவா இறக்கு" என்றாள். அதற்கும் அசையவில்லை. கேபினுக்குள் பொருத்தியிருந்த செவி என்ற கருவி, விருந்தாளியை வரவேற்கிற பணிவோடு கேட்டது:

"பேசுவது யார்?"

கீழே தளத்தில் நின்றவர்கள் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக் கத்தினார்கள். கப்பலிலிருந்து ஒருவர் விசில் ஊதினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் அத்தனை உயரத்தில் ஒரு கண்டெய்னர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தால் யார்தான் கத்தமாட்டார்கள்? ஆனால் ஜெனோவா சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்தாமலே சிரித்தாள்.

"ஏட்டி ஜெனோவா, உன் கிரேனுக்கு உன்னைத் தெரியலையாம்" என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். சொன்ன குரலைத் தானே ஒருமுறை காதுகொடுத்துக் கேட்டாள். கண் நிறைந்துவிட்டது.

இன்னொரு ஆபரேட்டர் ஏறி வந்து தன் குரலில் கண்டெய்னரை இறக்கினார். சூப்பர்வைசர் ஒன்றும் திட்டவில்லை. "சந்தோஷம்தாம்மா. ஆனா குரல் பதிவாகுற வரைக்கும் நீ கிரேன் பக்கம் வரக்கூடாது. ரொம்ப நாள் ஆச்சுன்னா உன் இடத்துல வேற ஆளைப் போட்டுருவாங்க, பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

சாவி, அட்டை, கையெழுத்து எல்லாம் ஒழிந்து, குரலே அடையாளம் என்று ஆகிவிட்ட காலம் அது. முகத்தைப் போலி செய்தார்கள், கைரேகையை அச்செடுத்தார்கள். பேசும்போது தொண்டையும் தாடையும் மூச்சும் சேர்ந்து செய்கிற வேலையை மட்டும் யாராலும் திருட முடியாது என்று சொல்லி அரசாங்கம் செவியைக் கொண்டுவந்தது. வீட்டுக் கதவில், பேருந்துப் படியில், ஆஸ்பத்திரி வாசலில், வங்கியில் என எங்கு போனாலும் ஒரு பொத்தான் அளவுக்குச் செவி இருந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது கேட்கும். பதில் சொன்னால், "வணக்கம்" என்று பெயர் சொல்லித் திறக்கும். ஒலிப்பதிவைக் காட்டி அதை ஏமாற்ற முடியாது.

ஜெனோவா திருநங்கை. பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்வதில் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. ஒரு மனுவில் முடிந்தது. செவியும் மறுநாளே "வணக்கம் ஜெனோவா" என்றது. சிக்கல் அவள் தொண்டையில் இருந்தது. சேலை கட்டி, பூ வைத்து, எல்லாம் சரியாக இருக்கும். "ஒரு டிக்கெட்" என்று வாயைத் திறந்ததும் பேருந்தில் பத்துத் தலை திரும்பும். அதனால் பேசுவதையே குறைத்துவிட்டாள். மீன் வாங்கப் போனால் விரலால் காட்டுவாள். கோயிலில் பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைப்பாள். கூசாமல் வாய் திறந்து பேசிய ஒரே இடம், ஆளில்லாத உயரத்தில் இருந்த அந்தக் கிரேன் கேபின்தான்.

அப்படி இருந்தவள்தான் ஹாஜிராவிடம் போனாள்.

ஹாஜிராவுக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான். காயல்பட்டினத்துக்காரி, பேச்சுப் பயிற்சியாளர். பேக்கரி ஒன்றின் மாடியில் அவளுடைய அறை. கீழே முந்திரி மக்ரூன் வேகும் வாசனை எப்போதும் மேலே ஏறி வந்துகொண்டிருக்கும். முதல் நாள் ஜெனோவா மெல்லிய கீச்சுக் குரலில் "வணக்கம்" சொன்னதும், ஹாஜிரா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்கணும்னா சிரிச்சிருங்க" என்றாள் ஜெனோவா, பழைய குரலில்.

"சிரிக்கல. ஆனா நீங்க எலி மாதிரி பேசுறீங்க. பொம்பளைங்க எங்க எலி மாதிரி பேசுறோம்? என் குரலக் கேளுங்க, எவ்வளவு கட்டையா இருக்கு! யாராவது என்னை ஆம்பளைன்னு நினைச்சாங்களா?"

ஜெனோவாவுக்கு அது புதிதாக இருந்தது. குரலை உயர்த்தினால் போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஹாஜிரா அவளைக் குளியலறைக்குள் கூட்டிப்போய், ஒரு குடத்தைக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டாள். "கண்ண மூடிட்டுக் கேளுங்க. குடம் நிறையப் போவுதுன்னு எப்படித் தெரியுது?"

"சத்தம் மாறுதுல்லா."

"குழாய் மாறல, தண்ணி மாறல. உள்ள இருக்குற இடம் சுருங்குது, சத்தம் ஏறுது. அவ்வளவுதான் விஷயம். உங்க தொண்டையில இருக்கது பெரிய குடம். அதுல கொஞ்சம் தண்ணி ஊத்தணும். குரல ஏத்துறது அப்புறம்தான்."

அப்படித்தான் ஆரம்பித்தது. தம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு, குமிழி வர வர முனகுவது. வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று இழுத்து, அதிர்வு நெஞ்சில் இருக்கிறதா மூக்கடியில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது. கொட்டாவியை எதிர்ப்பக்கமாக விடுவது போல நாக்கின் அடியைத் தூக்குவது. பேசும்போது சொல்லை அமுக்கிக் கீழே போடாமல், தூளியை ஆட்டுவது போல ஏற்றி இறக்குவது. ஒரு வாரம் நன்றாக வரும். அடுத்த வாரம் ஒன்றுமே வராது. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு தும்மல் வந்தால் போதும், பழைய ஆள் திடுமென்று அறைக்குள் குதித்துவிடுவான். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"தும்மலுக்குமா பயிற்சி இருக்கு?" என்று கேட்டாள் ஜெனோவா.

"இருக்கு. மிளகாப் பொடி கொண்டு வரட்டுமா?"

பிறகொரு காலையில் மீன் கடையில் அவள் மறந்துபோய் வாய் திறந்து, "சாளை எப்படிக்கா?" என்று கேட்டுவிட்டாள். மீன்காரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏட்டி, எடுக்கதுன்னா எடு, இல்லன்னா தள்ளி நில்லு. பின்னால ஆளு நிக்குதுல்லா!" என்று எரிந்து விழுந்தாள். அத்தனை பேர் நடுவே ஒரு பெண்ணாக வசவு வாங்கிக்கொண்டு ஜெனோவா மிதந்து வந்தாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் சாளைக் குழம்புதான்.

கிரேனிலும் கதவு, பேருந்துச் செவிகளிடமும் மட்டும் பழைய குரலையே வைத்திருந்தாள். புதுக் குரல் நன்றாகப் படிந்த பிறகு ஒரேயடியாகப் பதிவை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. "மேல ஒரு குரல், கீழ ஒரு குரல்னு ரெண்டையும் வச்சுக்கிட முடியாது ஜெனோ. ஏதாவது ஒண்ணு ஒருநாள் கிளம்பிப் போயிரும்" என்று ஹாஜிரா எச்சரித்துக்கொண்டே இருந்தாள். அப்படித்தான் நடந்தது. கண்டெய்னர் அந்தரத்தில் நின்ற அன்று, பழைய குரல் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டிருந்தது.

சந்தோஷம் அன்று மாலைவரைதான் நிலைத்தது. பேருந்துப் படி அவளை ஏற்றவில்லை. வீட்டுக் கதவு திறக்கவில்லை. வங்கி "பேசுவது யார்?" என்றது. மருந்துக் கடையும் அதையே கேட்டது. செவிக்குத் தெரியாத ஆள் எங்கும் போகவேண்டுமானால், தெரிந்த ஆள் ஒருவர் கூட வந்து "இவர் என்னோடு வந்தவர்" என்று சொல்லவேண்டும். ஜெனோவாவுக்கு அப்படி இருந்தது அண்ணன் கிளாட்வின் மட்டும்தான்.

கிளாட்வின் படகு இன்ஜின் மெக்கானிக். அதே வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தான். அவள் ஜெனோவாவாக மாறியபோது அவன் சண்டை போடவில்லை, வீட்டைவிட்டுப் போகவும் சொல்லவில்லை. பழைய பெயரைச் சொல்வதை நிறுத்திக்கொண்டான். புதுப் பெயர் அவன் வாயில் வரவில்லை. கூப்பிட வேண்டுமென்றால் மாடிப்படியின் கீழே நின்று தொண்டையைச் செருமுவான். அவள் எட்டிப் பார்த்தால், "கரண்டு பில்லு வந்திருக்கு" என்பான்.

இப்போது அந்த அண்ணன்தான் பட்டறையை அடைத்துவிட்டு அவளோடு ஊர் சுற்றவேண்டியிருந்தது. பேருந்து ஏறும்போது செவியிடம், "இது என்கூட வந்த ஆளு" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொல்வான்.

குரல் பதிவு அலுவலகத்தில் அதிகாரி மங்கையர்க்கரசி தன்மையாகத்தான் பேசினார். "பெரிய வேலை ஒண்ணும் இல்லம்மா. உங்க பழைய குரல்ல ஒரு நிமிஷம் பேசணும். செவி ஒத்துக்கிட்டா அந்தக் குரலை அழிச்சிட்டு உடனே புதுசப் பதிஞ்சிரலாம்."

"பழைய குரல் போயிருச்சுன்னுதான மேடம் வந்திருக்கேன்."

"தெரியுது. ஆனா பழைய ஆளு நீங்கதான்னு யாரு சொல்றது? நான் சொல்லக் கூடாது. அதிகாரியோட அபிப்பிராயம் செல்லாதுன்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்கு. செவி சொல்றதுதான் முடிவு."

கூடம் முழுக்க ஆட்கள். அத்தனை பேர் முன்னால் ஜெனோவா தோளைக் குறுக்கிக்கொண்டு, மோவாயைத் தாழ்த்தி, விட்டுவந்த குரலைத் தேடிப் பிடித்து இழுத்தாள். அது தன் வாயிலிருந்து வருவதைக் கேட்க அவளுக்குக் குமட்டியது.

"இது நடிப்புக் குரல். ஏற்க இயலாது" என்றது செவி.

இன்னொரு முறை. "ஏற்க இயலாது."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அவர் பெயர் சுகிர்தா; பள்ளிக்கூடத்தில் சுகிர்தா டீச்சர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். தைராய்டு ஆபரேஷனில் குரல் நரம்பு போய்விட்டது. இப்போது காற்றுத்தான் வரும். "என் வகுப்புக்குள்ள நானே போக முடியலம்மா. சன்னலுக்கு வெளிய நின்னு பிள்ளைங்களப் போர்டுல எழுதச் சொல்லிப் பாடம் நடத்துதேன்" என்றார். கேட்க ஜெனோவா காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. பொங்கலில் இருந்து அலுவலகத்துக்கு நடக்கிறாராம்.

அங்கிருந்து நேரே ஹாஜிராவிடம் போனார்கள். ஹாஜிரா நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "உன்னால இனி முடியாது ஜெனோ. தசை பழகிருச்சு. நீ பழைய குரல்ல பேசுனா அது ஆம்பள வேஷம் போடுற ஒரு பொம்பளையோட குரல். செவி கண்டுபிடிக்கத்தான் செய்யும்."

வாசல் பக்கம் நாற்காலியில் இருந்த கிளாட்வினுக்குப் பொறுமை போய்விட்டது. "அதுக்கு என்ன பண்ணச் சொல்லுதீங்க? வேலைய விட்டுட்டு வீட்டுல உக்காரவா? எத்தனை நாளு நானும் பின்னாலயே அலைய முடியும்?"

ஹாஜிரா மெல்லத் திரும்பினாள். "அண்ணே, இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஏதோ கோவத்துல…"

"கோவிக்கல. சொல்லுங்க."

அவன் சொன்னான். ஜெனோவாவும் ஹாஜிராவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதே தாடை, அதே அண்ணாக்கு, அதே வீட்டில் பழகிய பேச்சு. சத்தம்தான் அதிகம். அந்தச் சத்தத்தைக் குறைத்துவிட்டால், கிரேன் கேபினில் உட்கார்ந்து இத்தனை காலம் பேசியவன் எதிரே இருந்தான்.

விஷயம் விளங்கியதும் கிளாட்வின் எழுந்துவிட்டான். "வெளையாடுதீங்களா? நான் போயி அங்க உக்காந்து என்னன்னு சொல்லணும்?"

"முதல்ல பேரச் சொல்லணும்" என்றாள் ஹாஜிரா.

அவன் தொண்டையைச் செருமினான். ஜெனோவா தரையைப் பார்த்தாள். கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அவன் படி இறங்கிப் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மறுபடியும் உட்கார்ந்தான். "சரி, சொல்லிக்குடு" என்றான்.

அந்த வாரம் அந்த அறையில் எல்லாம் தலைகீழாக நடந்தது. மாணவி வாத்தியார் ஆனாள்.

"இன்ஜின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பழகிட்ட அண்ணே. கொறைச்சிக்கோ. இன்னும் கொறை."

"கொறைச்சிட்டேன்."

"மூச்ச முழுசா விடாத. பாதியில பிடி. வயித்த இறுக்கிக்கோ. சொல்லோட கடைசிய வாய்க்குள்ளயே முழுங்கிரு. பக்கத்து ரூம்ல ஆளு இருக்கு, அவங்களுக்கு நம்ம குரல் கேட்டுரக் கூடாதுன்னு நினைச்சிப் பேசு."

கிளாட்வின் அப்படியே பேசிப் பார்த்தான். முதலில் சிரிப்பு வந்தது. மூவருமே சிரித்தார்கள். ஹாஜிரா கீழேயிருந்து மக்ரூன் வரவழைத்தாள். வாயில் மக்ரூனோடு பேசி, மீசையெல்லாம் தூளாகி, அதற்கும் சிரித்தார்கள். அவ்வளவு காலத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் அத்தனை நேரம் பேசியதே கிடையாது.

ஒருநாள் அவனுக்கு அது சரியாகப் பிடிபட்டது. நிமிடம் முடியும்வரை தவறாமல் பேசினான். ஜெனோவாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. போனவன் வந்து எதிரே உட்கார்ந்திருந்தான். பேசி முடித்ததும் கிளாட்வின் எழுந்து சன்னல் பக்கம் போய்ப் பெரிதாக மூச்சு வாங்கினான்.

"என்னண்ணே?"

"ஒரு நிமிஷத்துக்கே நெஞ்ச அடைக்குது." திரும்பாமலே கேட்டான். "நீ எத்தனை நாளு இப்படிப் பேசுன?"

"பேச ஆரம்பிச்ச நாள்ல இருந்துதான்."

"வீட்டுலயுமா? எங்கிட்ட பேசும்போதுமா?"

"உங்கிட்டதான் ரொம்ப."

அவன் சன்னலை விட்டு வந்தான். தம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தான், உறிஞ்சுகுழலை எடுக்காமலே. கண்ணைத் துடைத்துக்கொண்டது புரை ஏறியதால்தான் என்று காட்ட வேண்டுமென்றே இருமினான்.

அலுவலகத்தில் மங்கையர்க்கரசி அவர்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். செவியின் முன்னால் இருந்த நாற்காலியில் கிளாட்வின் உட்கார்ந்தான். மீசை, முழங்கைவரை மடித்த சட்டை, நகக்கண்ணில் கிரீஸ் கறை.

"நீங்க யாருங்க?" என்றார் அதிகாரி.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவனைப் பார்த்தார்கள். கிளாட்வின் வாயைத் திறந்தான். செருமல் வரவில்லை.

"நான் ஜெனோவா" என்றான்.

மங்கையர்க்கரசி ஜெனோவாவைக் காட்டினார். "அப்ப இவங்க?"

"நானும் ஜெனோவாதான் மேடம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு, "நான் ஏதாவது சொன்னா செல்லாது. செவி கேக்கட்டும். பேசுங்க" என்றார்.

"உங்களைப் பற்றிப் பேசவும்" என்றது செவி.

கிளாட்வின் வயிற்றை இறுக்கிக்கொண்டான். மூச்சைப் பாதியில் பிடித்தான்.

"நான் ஜெனோவா. துறைமுகத்துல கிரேன் ஓட்டுதேன். எனக்கு ஒரு அண்ணன் இருக்கான், கிளாட்வின்னு. ஒருநாளும் என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. அவன் கெட்டவன் கிடையாது. கூப்பிட்டா ஊரு சிரிக்கும்னு பயந்துட்டான். நான் அவன் பக்கத்துலயே இருந்து இவ்வளவு நாளும் மூச்ச அடக்கித்தான் பேசியிருக்கேன். அவனுக்குத் தெரியாது. அவன் ஒரு தடவகூடக் கேக்கல. தெரிஞ்சிருந்தா… தெரிஞ்சிருந்தா அவன் முதல் நாளே சொல்லியிருப்பான், நல்லா சத்தமா பேசு ஜெனோவா, நான் இருக்கேன்னு."

பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம், ஜெனோவா. பழைய குரல் உறுதியானது. அது இப்போது அழிக்கப்படுகிறது. புதிய குரலில் பேசவும்."

கிளாட்வின் எழுந்து இடம் விட்டான். ஜெனோவா உட்கார்ந்தாள். பேசுவதற்கென்று அழகாக ஒரு பத்தி தயாரித்து வைத்திருந்தாள். அதில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. "எங்க அண்ணன்…" என்று ஆரம்பித்தாள். அழுகை வந்தது. அழுகையைத் துடைக்கப் போய்ச் சிரிப்பு வந்தது. "எங்க அண்ணனுக்கு மீசையெல்லாம் மக்ரூன் தூளு" என்றாள். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். "நாளைக்கு நான் கிரேன் ஏறுவேன். பஸ்ல டிக்கெட் கேப்பேன். கோயில்ல பாடுவேன், ராகம் தப்பினாலும் பாடுவேன்" என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். பதிவு முடிந்துவிட்டது என்று செவி இரண்டு முறை சொன்ன பிறகுதான் நிறுத்தினாள்.

"எந்திரிங்கம்மா, அடுத்த ஆளு வரணும்" என்றார் மங்கையர்க்கரசி. ஜெனோவா எழுந்ததும், செவியின் மேல் தன் கைக்குட்டையை நான்காக மடித்துப் போட்டார். பின்பு மேசைக்கு மேல் குனிந்து, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"வெளிய பெஞ்சுல சுகிர்தா டீச்சர்னு ஒருத்தங்க இருப்பாங்க. எங்க பாப்பாவுக்குக் கணக்கு எடுக்கிறவங்க. அவங்களுக்கு அக்கா தங்கச்சி யாரும் இருக்காங்களான்னு நீங்க கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்."

ஜெனோவா வெளியே போய் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். டீச்சர் நான்கு விரலைக் காட்டினார். கொஞ்சம் யோசித்து ஒரு விரலை மடக்கினார். அந்தத் தங்கச்சியோடு பேச்சுவார்த்தை இல்லையாம். மற்ற மூவரும் இதே ஊர்தான்.

"மூணு பேரையும் கூட்டிட்டு வாங்க டீச்சர். யாருக்குச் சரியா வருதுன்னு பாத்துருவோம். சொல்லிக்குடுக்கதுக்கு எனக்குக் கொஞ்சம் விவரம் வேணும். முன்னாடி நீங்க எப்படிப் பேசுவீங்க?"

டீச்சர் பதில் சொன்னார். ஜெனோவாவுக்குக் கேட்கவில்லை. காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"சத்தமா" என்றார் சுகிர்தா டீச்சர். "பள்ளிக்கூடமே அதிரும்."